கடைசி கேபினுக்குச் சுடுதண்ணீர்

கப்பலில் வேலை பார்த்தவன் என்று சொன்னால் எங்கள் பக்கத்து ஆட்கள் முதலில் கேட்பது, "நடுக்கடல்ல பயமா இருக்காதுங்களா?" என்றுதான். கடலைப் பார்த்தால்தானே பயப்படுவதற்கு! நான் கப்பலின் அடிவயிற்றில், ஜன்னல் இல்லாத இடத்தில், குழாயோடு குழாயாகக் கிடந்தவன். அது சரக்குக் கப்பல் அல்ல. வசதியானவர்கள் குடும்பத்தோடு ஏறி ஊர் ஊராகச் சுற்றிப் பார்க்கிற உல்லாசக் கப்பல். அத்தனை பேருக்கும் காலையில் குளிக்கச் சுடுதண்ணீர் வர வேண்டும். வராவிட்டால் என்னைக் கூப்பிட்டுத் திட்டுவார்கள். அதுதான் என் உத்தியோகம்.

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் கற்றுக்கொண்டு, அங்கிருந்து பைப் வேலைக்குப் போய், ஏஜெண்ட் ஒருவரைப் பிடித்துக் கப்பல் ஏறினேன். வீடு புதுச்சத்திரத்தில், மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி. மனைவி ஆத்தூர்க்காரி. பிள்ளைகள் இல்லை. ஆத்தூர் ஒன்றும் அசலூர் இல்லைதான், ஆனால் பேச்சு வேறு. எங்கள் ஊரில் எதற்கெடுத்தாலும் 'ங்க' போடுவது அவளுக்குப் பெரிய வேடிக்கை. "உங்க ஊர்ல நாயை வெரட்டறதுக்குக்கூட 'போங்க'ன்னுதான் சொல்லுவீங்க போல" என்பாள். நான் அவளைச் செல்லமாகச் 'சாமி' என்று கூப்பிட்டால், "தேங்காய் உடைச்சுக் கும்புடுங்க" என்று வம்புக்கு வருவாள்.

கப்பலிலிருந்து போன் போட்டால் அவள் மழை பெய்ததா, குழம்பு என்ன என்றெல்லாம் சொல்லி நேரத்தை வீணாக்க மாட்டாள். "இன்னைக்கு எத்தனை பேரு குளிச்சாங்க?" என்றுதான் ஆரம்பிப்பாள். அவளுக்கு அந்தச் சுடுதண்ணீர்க் கதை அவ்வளவு பிடிக்கும்.

ஒருநாள் அவளுக்கு விளக்கமாகச் சொன்னேன். கப்பலில் லாரி டேங்கர் மாதிரி பெரிய தொட்டிகள் உண்டு. அதில் தண்ணீரை நன்றாகக் காய்ச்சுவார்கள். வெதுவெதுப்பாக விட்டால் குழாய்க்குள் கிருமி பிடித்துவிடும், ஆளையே கொல்லுகிற கிருமி. அதனால் கை வைக்க முடியாத சூட்டில் தண்ணீர் கப்பல் முழுக்க ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு பாத்ரூமிலும் ஒரு வால்வு, அந்தச் சூட்டோடு பச்சைத்தண்ணீரைக் கலந்து இதமாக்கிக் கொடுக்கும். அதன் திருகுக் கட்டையில் முப்பத்தெட்டு டிகிரி என்று போட்ட இடத்தில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால்தான் அதற்கு மேல் சூட்டைத் திருப்ப முடியும்.

"அதாவது சாமி, சொவத்துக்குள்ளாற ஒரு ஆளு நின்னுக்கிட்டு வெளாவிக் குடுக்கற மாதிரி வெச்சுக்க" என்றேன்.

அவள் உடனே, "அதுல எது முன்னாடி போவுது? சுடுதண்ணியா, பச்சத்தண்ணியா?" என்று கேட்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் வீட்டிலும் அவள் வீட்டிலும் ஒரு முறை உண்டு. பக்கெட்டில் சுடுதண்ணீரை முதலில் ஊற்றிவிட்டு, அதில்தான் பச்சைத்தண்ணீரை விளாவ வேண்டும். பச்சைத்தண்ணீரை முதலில் வைத்து அதில் சுடுதண்ணீரை ஊற்றினால், அது பிணத்தைக் குளிப்பாட்டுகிற முறை. சின்ன வயதில் தெரியாமல் மாற்றி ஊற்றிவிட்டு அம்மாவிடம் முதுகில் வாங்கியிருக்கிறேன். ஆனால் இத்தனை வால்வுகளைக் கழற்றி மாட்டியவன், இந்தக் கேள்வியை ஒருநாளும் யோசித்ததில்லை.

"ரெண்டும் ஒண்ணாத்தான் போகுது" என்றேன்.

"அப்ப அது உயிரோட இருக்கறவங்களுக்கா, செத்தவங்களுக்கா?" என்று கேட்டு அவளே சிரித்தாள்.

கப்பலில் கடைசி கேபின் என்று ஒன்று உண்டு. தொட்டியிலிருந்து கிளம்புகிற தண்ணீர் எல்லா அறைகளையும் தாண்டிக் கடைசியாகப் போய்ச் சேருகிற அறை. கப்பல் ஏதாவது துறைமுகத்தில் நிற்கிற அன்று எல்லோரும் ஒரே நேரத்தில் குளித்துவிட்டு ஊர் பார்க்க இறங்கப் பார்ப்பார்கள். அப்போது கடைசி கேபினுக்கு வெதுவெதுவென்றுதான் வரும். உடனே போன் அலறும். நான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். ஓடி என்ன பிரயோசனம்? அங்கே செய்வதற்கு ஒரு எழவும் கிடையாது. கூட்டம் குளித்து முடித்தால் சூடு தானாக வந்து சேரும், அதுவரை பொறுத்திருக்க வேண்டியதுதான். இதைச் சொன்னால் அந்த மகராசன்கள் கேட்பார்களா? மேலே புகார் போய்விடும்.

அதற்கு எங்கள் செட்டில் எல்லோரும் ஒரு வேலை செய்வோம். வாஷ்பேசினுக்குக் கீழே இருக்கிற பலகையைக் கழற்றுவது. ஸ்பேனரால் குழாயை டங், டங் என்று இரண்டு தட்டுத் தட்டுவது. தலையை உள்ளே விட்டு ஒரு பெருமூச்சு. பிறகு எழுந்து ஷவரைத் திறந்து, அந்த ஆளைக் கை வைக்கச் சொல்லி, "இப்போ எப்படி இருக்கு?" என்று மரியாதையாகக் கேட்பது. முதல் தடவை நான் இதைச் செய்தபோது எதிரே ஒரு வெள்ளைக்காரர், இடுப்பில் துண்டோடு, முகம் சிவக்க நின்றிருந்தார். கை வைத்துப் பார்த்தார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "மச் பெட்டர்! தேங்க்யூ!" என்றார். அவர் கையை எடுத்ததும் நான் வைத்துப் பார்த்தேன். அதே வெதுவெதுப்பு. ஒரு மண்ணும் மாறவில்லை.

அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஒரு ஆள் உனக்காக ஓடிவந்து, முட்டி போட்டுக் குனிந்து, வேர்க்க விறுவிறுக்க ஏதோ செய்துவிட்டு, உன் முகத்தையே பார்த்துக்கொண்டு "இப்போ?" என்று கேட்டால், இல்லை என்று சொல்ல எவனுக்கு வாய் வரும்?

இதைப் போனில் சொன்னபோது என் மனைவிக்கு விக்கல் எடுக்கிற வரைக்கும் சிரிப்பு. அன்றிலிருந்து அது எங்கள் வீட்டு வார்த்தையாகிவிட்டது, அதிலும் எங்கள் ஊர் 'ங்க'வை ஒட்டி. லீவில் வந்திருக்கும்போது குழம்பில் உப்பு கம்மி என்று நான் கொஞ்சம் போட்டுக் கலக்கிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தால், நாக்கில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டு, "மச் பெட்டருங்க!" என்பாள். மின்விசிறியைத் துடைத்தால் மச் பெட்டருங்க. தலைவலிக்குத் தைலம் தேய்த்துவிட்டால் மச் பெட்டருங்க. ஒரே கல்லில் வெள்ளைக்காரனையும் நாமக்கல்காரனையும் அடிக்கிற சந்தோஷம் அவளுக்கு.

நான் கப்பலில் இருக்கும்போதுதான் அது நடந்தது. அவள் தம்பியோடு பைக்கில் பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறாள். ரோட்டில் நாய் குறுக்கே வந்தது. தம்பிக்குச் சிராய்ப்பு, நாய்க்கு ஒன்றுமில்லை. இவள் மல்லாக்க விழுந்து முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. நான் வந்து சேர்ந்தபோது சேலத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். என்னைப் பார்த்ததும், "கால் ரெண்டும் எங்க இருக்குதுன்னே தெரியலைங்க" என்று அழுதாள். நான் போர்வையை விலக்கி, இங்கேதான் இருக்கிறது என்று தொட்டுக் காட்டினேன். வேறு என்ன செய்ய?

டாக்டர் நல்ல மனுஷன். மழுப்பாமல் சொன்னார். "ஒரு வருஷம் பாப்போம். உணர்ச்சி வர்றதா இருந்தா, அதுக்குள்ள கொஞ்சமாச்சும் வர ஆரம்பிக்கும். வரலைன்னா அப்புறம் நம்பிக்கை வெச்சுக்காதீங்க." அதற்குப் பிறகு எனக்குக் கப்பலும் வேண்டாம் கடலும் வேண்டாம் என்று ஆகிவிட்டது. அவள் காலில் உணர்ச்சி வர வேண்டும். அந்த ஒன்றைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் இருந்ததில்லை.

வீட்டுக்கு அழைத்து வந்த புதிதில் உறவுக்காரப் பெண்ணொருத்தி அவளைக் குளிப்பாட்டினாள். அன்று மாலை பார்த்தால் கால் மேல் இரண்டு கொப்புளம். தண்ணீர் சூடு அதிகம் என்று என் மனைவிக்கே தெரியவில்லை. எனக்கு வாயில் நல்லா வந்தது, யாரைத் திட்டுவது? அன்றோடு குளிப்பாட்டுகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். ஊரே பேசியது. பேசிவிட்டுப் போகட்டும். கப்பல் நிறைய ஆட்களுக்குச் சூடு பார்த்துக் கொடுத்தவன், கட்டியவளுக்குப் பார்க்கக் கூடாதா?

பட்டறையில் போய் நானே ஒரு நாற்காலி வெல்டிங் செய்தேன், அடியில் சக்கரம் வைத்து. எங்கள் பாத்ரூம் சின்னது, நாற்காலி திரும்ப இடம் வேண்டும் என்று கீசரைக் கழற்றிச் சமையலறைப் பின்சுவரில் வெளிப்பக்கமாக மாட்டினேன். அங்கே பக்கெட்டில் சுடுதண்ணீரைப் பிடித்துத் தூக்கி வந்து பாத்ரூமில் வைப்பேன். பிறகு அவளை நாற்காலியில் தள்ளிக்கொண்டு வருவேன். பிறகு பச்சைத்தண்ணீர் விளாவி, முழங்கையை விட்டுப் பார்த்துக்கொண்டு, முதல் சொம்பை எப்போதும் அவள் பாதத்தில்தான் ஊற்றுவேன். ஊற்றிவிட்டு, அவள் முன்னால் குந்தி உட்கார்ந்து முகத்தைப் பார்ப்பேன்.

"இப்ப?" என்று கேட்பேன்.

"ஒன்னும் தெரியலைங்க" என்பாள். தினமும் அதேதான்.

ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் ஒவ்வொருவரும் ஒரு வைத்தியத்தோடு வந்தார்கள். கொல்லிமலை எண்ணெய் என்று ஒன்று, நாற்றம் பிடுங்கித் தின்றது. பக்கத்து வீட்டு அக்கா மட்டும்தான் வைத்தியம் எதுவும் சொல்லாமல் கூடமாட வேலை செய்து கொடுத்தார். ஒருநாள் நான் அவசரமாக மருந்துக் கடைக்குக் கிளம்பும்போது அந்த அக்கா வாய் தவறி, "ஏனுங் தம்பி, கால்ல சுடுதண்ணிய ஊத்துன மாதிரி இப்படிப் பறக்கறீங்க?" என்று கேட்டுவிட்டார். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டார். என் மனைவிதான் கட்டிலில் இருந்து, "என் கால்லயும் தெனம் ஊத்தறாருக்கா. நான்தான் பறக்க மாட்டேங்கறேன்" என்றாள். அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். எனக்கு யார்மீதென்று இல்லாமல் அப்படி ஒரு கோபம் வந்தது.

நான் விடவில்லை. எனக்குள் ஒரு கணக்கு இருந்தது, கப்பல் கணக்கு. அவள் பாதம்தான் கடைசி கேபின். சூடு கிளம்பிவிட்டது, வந்துகொண்டிருக்கிறது, நடுவில் எங்கோ கூட்டம். கடைசிக்கு நேரமாகும், ஆனால் வராமல் போகாது. இதை அவளிடமும் சொல்லியிருக்கிறேன், ஒருமுறை அல்ல. அவள் தலையாட்டிக் கேட்டுக்கொள்வாள்.

ஐப்பசி மழைநாளில் ஒரு காலை. முதல் சொம்பு ஊற்றி, "இப்ப?" என்று கேட்டேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "ஏங்க... என்னமோ சுருக்குங்குதுங்க" என்றாள்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. "எங்க சாமி? எந்த எடத்துல?"

"வெரல்கிட்ட. லேசாத்தான்."

அன்று நான் தெருவில் போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் சொன்னேன். சேலத்துக்கு அழைத்துப் போனேன். அங்கே உடற்பயிற்சி கொடுக்கிற பெண், இவளை முகத்தைத் திருப்பிக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஊசிமுனையால் பாதத்தில் குத்திக் குத்திக் கேட்டாள். இவளால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அந்தப் பெண் என்னைப் பார்த்து, "பாக்கலாம் சார்" என்றாள். அந்தப் 'பாக்கலாம்' எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில், "ஊசி தெரியல, ஆனா சூடு மட்டும் தெரியுதுங்க" என்று இவள் சொன்னாள். அது போதும் என்றேன். ஊசி எங்கள் துறை இல்லை, சூடுதான் எங்கள் துறை என்று விளையாட்டாகக்கூடச் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அதற்குப் பிறகு தினமும் ஏதாவது ஒன்று சொல்வாள். இன்று கொஞ்சம் தெரிகிறது. இன்று நேற்றைவிடக் கம்மி. இன்று குதிகால் வரைக்கும். அவள் சொல்லச் சொல்ல எனக்கு ரத்தம் ஊறியது. பாத்ரூமிலிருந்து வெளியே வரும்போது பாட்டு முணுமுணுப்பேன். டாக்டர் சொன்ன ஒரு வருடம் முடிவதற்குள் எழுந்து நிற்க வைத்துவிடலாம் என்று, நடக்கப் பழகுகிற கம்பிகூட வீட்டுக்குப் பின்னால் நட்டுவைத்தேன். அடியில் சிமெண்ட் போட்டு இறுக்கிய கம்பி. இன்னும் அங்கேதான் நிற்கிறது, அக்கா அதில் துணி காயப்போடுகிறார்.

மார்கழியில், எங்கள் தெருவுக்குக் காவேரித் தண்ணீர் விடுகிற நாள். எப்போது வரும், எப்போது நிற்கும் என்று எவனுக்கும் தெரியாது. வந்துவிட்டால் தெருவே குடத்தோடு ஓடும். நான் கீசரைப் போட்டுவிட்டு, வாசல் குழாயில் டிரம்முக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். டிரம் விளிம்பு கையைக் கிழித்துவிட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைப் பார்த்தேன். அக்கா உள்ளே போய், காலியாகக் கிடந்த பாத்திரத்தையெல்லாம் நிரப்பினார். தண்ணீர் வருகிற நாளில் ஒரு டம்ளரைக்கூடச் சும்மா விடக்கூடாது என்பது எங்கள் தெருச் சட்டம். குளிக்கிற பக்கெட்டையும் அவர் விட்டுவைக்கவில்லை.

மனைவியை நாற்காலியில் தள்ளிக்கொண்டு பாத்ரூமுக்கு வந்தேன். பக்கெட் முக்கால்வாசி நிறைந்திருந்தது. எங்கள் வீட்டில் தரையில் பக்கெட் நிறைந்திருக்கிறது என்றால் அதில் இருப்பது சுடுதண்ணீர்தான். பச்சைத்தண்ணீரை முதலில் வைக்கிற வழக்கம்தான் எங்களுக்குக் கிடையாதே. முன்னாடியே பிடித்து வைத்துவிட்டேன் போல என்று நினைத்துக்கொண்டேன். துணி சுற்றிய கை நனைய வேண்டாம் என்று கையை விட்டுப் பார்க்கவில்லை. சூடு குறைந்தாலும் பரவாயில்லை, கூடிவிடக் கூடாது என்று இன்னும் இரண்டு சொம்பு பச்சைத்தண்ணீரை விளாவினேன். முதல் சொம்பை மொண்டு அவள் பாதத்தில் ஊற்றினேன்.

தண்ணீர் சிதறி என் காலில் பட்டது. ஐஸ். மார்கழிக் காவேரி. என் உடம்பு ஒரு குலுக்குக் குலுக்கியது. அய்யய்யோ என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் அவள், கண்ணை மூடியபடி, "ம்ம்... இன்னைக்கு நல்லாத் தெரியுதுங்க. கதகதன்னு இருக்குது. கட்டைவெரல் வரைக்கும்" என்றாள்.

அப்போதுதான் கடைசி கேபினும், துண்டு கட்டிய வெள்ளைக்காரரும் ஞாபகத்துக்கு வந்தார்கள். தினமும் ஒருவன் முன்னால் குந்திக்கொண்டு, முகத்தைப் பார்த்து, "இப்ப? இப்ப?" என்று பிச்சைக்காரனைப் போலக் கேட்டால் அவள்தான் என்ன செய்வாள்? என்னிடம் இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான். ஐப்பசியிலிருந்து அவள் எனக்குத் தந்துகொண்டிருந்தது அந்த மச் பெட்டர்தான். ஒரு மண்ணும் மாறவில்லை.

அடுத்த சொம்பைத் தோளில் ஊற்ற வேண்டும். தோளுக்கு உணர்ச்சி உண்டு, ஊற்றினால் துள்ளிவிடுவாள். அப்புறம் எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரிந்துவிடும். "சாமி, பக்கெட்டுல எறும்பு செத்து மெதக்குது. மாத்திக்கிட்டு வாரேன், இரு" என்று சொல்லிப் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

பின்பக்கம் கீசர் குழாய்க்கு அடியில் பக்கெட்டை வைத்தேன். குழாயைத் திறந்தால் போதும், தண்ணீர் சூடாகிவிடும். கை திருகுவரைக்கும் போய்விட்டது. பச்சைத்தண்ணீரில் சுடுதண்ணீர். மாட்டேன் என்று கையை எடுத்தேன். எங்கெங்கோ தோற்றுவிட்டேன், இந்த ஒன்றை மட்டும் அவளுக்குச் செய்ய மாட்டேன். காத்துக் கிடந்து பிடித்த காவேரித் தண்ணீர் அத்தனையையும் கறிவேப்பிலைச் செடிக்குக் கவிழ்த்தேன். காலிப் பக்கெட்டில் சுடுதண்ணீரைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதேன். இனி வராது. ஒரு வருடமோ பத்து வருடமோ, அந்தக் காலுக்கு எதுவும் வந்து சேராது. அன்றுதான் அது எனக்கு உறைத்தது.

முகத்தைக் கழுவிக்கொண்டு பக்கெட்டோடு உள்ளே போனேன். பச்சைத்தண்ணீரை விளாவினேன், முழங்கையை விட்டுப் பார்த்தேன். பாதத்தில் ஒரு சொம்பு ஊற்றினேன். கேள்வி கேட்கத் தோன்றவில்லை. தலையைக் குனிந்துகொண்டு விரல் இடுக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, இன்னைக்குக் கேக்கலையா?" என்றாள்.

"என்னத்தக் கேக்கறது?"

"தெனம் கேப்பீங்களே."

நிமிர்ந்து பார்த்தேன். அவள் கை முழங்காலின்மேல் இருந்தது, விரல்கள் நனைந்திருந்தன. நான் வெளியே போயிருந்த நேரத்தில் அவள் குனிந்து தன் பாதத்தைத் தொட்டுப் பார்த்திருக்கிறாள். கைக்கு உணர்ச்சி உண்டே. அந்தக் கால் எவ்வளவு சில்லென்று கிடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அவள் என் கண்ணைப் பார்த்தாள். கண் சிவந்திருந்ததை மறைக்க எனக்கு இடமில்லை.

"இப்ப எப்படி இருக்குது, சாமி?" என்று கேட்டேன்.

"மச் பெட்டருங்க" என்றாள்.

விழுந்ததிலிருந்து அவள் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை. அவளும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை. எழுந்து அடுத்த சொம்பைத் தோளில் ஊற்றினேன். "சுடுதுங்க" என்று தோளைச் சுருக்கினாள். நான் இன்னும் ஒரு சொம்பு பச்சைத்தண்ணீர் விளாவினேன்.